செங்கற்பட்டின் ஏடுகள் எங்கே?

செங்கற்பட்டு ஜில்லாவைப் பற்றி உலகத்துப் பெரிய சர்வகலாசாலைகள் எவ்வளவு அறிந்திருக்கின்றன என்பதை அந்த ஜில்லாவின் ஜனங்கள் அறியார்கள். ஏரிக்கரைக் கிராமங்களில் ஏர் பிடிப்பவர் முதல் மாமல்லபுரத்துக் கரையில் வலை வீசுபவர் வரையில், அவர்களுடைய நிலம், கூலி, ஜாதி, கோயில், கடன், கட்டுப்பாடு ஆகிய யாவற்றைப் பற்றியும் நூல்கள் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருக்கின்றன; அச்சானது அயல் தேசங்களில்; விலையோ நம் பள்ளி ஆசிரியர் ஒருவர் வாங்கத் துணியாத விலை. தன்னைப் பற்றி ஊரார் பேசுவதைக் கேட்க முடியாத செவிடனின் நிலையில் ஒரு ஜில்லா முழுவதும் இருக்கிறது.

இந்தக் கதை நேற்றுத் தொடங்கியதன்று. 1763-ல் ஆற்காட்டு நவாபு முகமது அலி இப்பிரதேசத்தைக் கும்பினியாருக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1767 முதல் 1774 வரையில் தாமஸ் பர்னார்டு என்ற எஞ்சினீயர் அதை அளந்து கணக்கெடுத்தார். ஏறக்குறைய 2000 ஊர்கள்! ஒவ்வோர் ஊரிலும் எத்தனை வீடுகள், எவர் என்ன தொழில் செய்பவர், நஞ்சை எவ்வளவு, புஞ்சை எவ்வளவு, ஏரி, குளம், தோப்பு, கோயில் எத்தனை, அறுவடையில் கணக்கனுக்கும் தச்சனுக்கும் கொல்லனுக்கும் வெட்டியானுக்கும் ஏரி மராமத்துக்கும் களத்திலேயே ஒதுக்கப்பட்ட பங்கு எவ்வளவு என்பதெல்லாம் அதில் அடங்கும். பர்னார்டுக்கு இவ்வளவும் எப்படித் தெரிந்தது? நம் கிராமக் கணக்கர்கள் ஓலையில் எழுதிக் கொடுத்தார்கள். தமிழன் தமிழில் எழுதிய கணக்கின் ஆங்கிலச் சுருக்கமே பர்னார்டின் கணக்கு என்ற பெயரால் வழங்கலாயிற்று.

அதன் பிறகு சுமார் இரண்டு நூற்றாண்டுகள் அதை நம்மவர் ஏறெடுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. காந்தியடிகளின் வழிநின்ற தரம்பால் என்னும் பெரியார், 1960-களில் லண்டனுக்குச் சென்று, கும்பினியார் விட்டுப் போன பழைய காகிதங்களினிடையே ஆண்டுக் கணக்கில் அமர்ந்து, தம் கைப்பட நகல் எடுத்தார். சென்னை மாகாணத்துப் பழைய பாடசாலைகளைப் பற்றி அவர் 1983-ல் வெளியிட்ட நூல் பலரும் அறிந்தது. செங்கற்பட்டுக் கணக்கின் பெருமையை நமக்கு எடுத்துரைத்தவரும் அவரே. அவரைப் பின்பற்றிச் சென்னையில் பஜாஜ், ஸ்ரீநிவாஸ் ஆகிய இருவரும் தமிழ் ஓலைகளைத் தேடிப் பிடித்து ஆராய்ந்தனர். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக் கழகத்தில் அவ்வோலைகள் இருக்கின்றன என்று கேட்கும் வாசகர் எத்தனை பேர் இன்று வியப்படைவார்களோ!

அமெரிக்காவில் பெர்க்லி நகரத்துச் சர்வகலாசாலையின் சரித்திராசிரியர் யூஜின் இர்ஷிக் 1994-ல் இந்த ஜில்லாவைப் பற்றியே ஒரு நூல் வெளியிட்டார். 1795 முதல் நூறு ஆண்டுகளை எடுத்துக்கொண்டு, பிளேஸ் என்ற கலெக்டரின் காலத்திலிருந்து இங்கே உண்டான அறிவு வெள்ளையர் மட்டும் உண்டாக்கியதன்று, ஊராரும் உத்தியோகஸ்தரும் பேசிப் பேசி விளைந்தது என்று வாதிக்கிறார். வாதம் நியாயமானதே. மிராசுப் பாத்தியம் பற்றி எல்லிஸ் துரை எழுதியதற்கு அவருடைய சிரஸ்ததார் சங்கரய்யா எவ்வளவு துணை நின்றார் என்பதை அறிந்தவர் மறுக்கமாட்டார். ஆனால் இரண்டு பேர் பேசி விளைந்த பயிருக்குப் பட்டா ஒருவர் பெயரில் மட்டும் இருப்பதேன் என்று வக்கீல் தொழிலில் பழகிய நமக்குக் கேட்கத் தோன்றுகிறது.

இது பழம் பெருமைச் சண்டை, இதனால் ஏழைக்கு ஆவதென்ன என்று நேயர்கள் சிலர் எண்ணலாம். அவர்களுக்கு 1891-ஆம் வருஷத்தை நினைவூட்டுகிறோம். அவ்வாண்டு செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த டிரமென்ஹீர், இந்த ஜில்லாவின் பறையர் சமூகத்தாரின் நிலைமை பற்றிச் சர்க்காருக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். பண்ணையடிமைத்தனத்தையும், குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாத கொடுமையையும், தரிசு நிலம் கேட்டாலும் மிராசுதாரின் முன்னுரிமை குறுக்கே நிற்பதையும் அதில் விவரித்தார். செங்கற்பட்டில் ஊழியம் செய்த ஸ்காட்லாந்துப் பாதிரி ஆடம் ஆண்ட்ரூவும் திருவள்ளூர்ப் பாதிரி கௌடியும் இதே விஷயத்தை வற்புறுத்தி வந்தார்கள். பேச்சு பிரிட்டிஷ் பார்லிமெண்டு வரையில் போயிற்று. 1892-ல் பிறந்த உத்தரவின் விளைவே இன்று பஞ்சமி நிலம் எனப்படுவது. முதல் பத்தாண்டு விற்கக் கூடாது, பிறகும் தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கன்றி மற்றவருக்குக் கைமாற்றக் கூடாது என்ற நிபந்தனை அந்நிலங்களுக்கு ஏற்பட்டது. நிபந்தனை ஏட்டிலிருந்தது, நிலம் மெல்ல மெல்ல வேறு கைகளுக்குப் போயிற்று. 1994 அக்டோபரில் காரணைக் கிராமத்து நிலத்தை மீட்க எழுந்த கிளர்ச்சியை ஒட்டிச் செங்கற்பட்டில் போலீஸார் சுட்டதில் இருவர் மாண்டனர். ஓர் ஆராய்ச்சிக் குறிப்புக்கும் துப்பாக்கிக் குண்டுக்கும் இடையே நூற்று மூன்று ஆண்டுகள்.

இங்கே ஒரு கசப்பான உண்மையைச் சொல்லாமல் விட முடியாது. அந்தக் கொடுமையை அந்நாளில் எடுத்தெழுத ஒரு வெள்ளைக்காரக் கலெக்டரும் இரண்டு பாதிரிமாரும் வேண்டியிருந்தார்கள். நம் மிராசுதார்களும் அவர்களுக்காக வாதாடிய நம் வக்கீல்களும் எழுதவில்லை. இன்றும் அந்தச் சரித்திரத்தை விரிவாக ஆராய்ந்த நூல் ஜெர்மனியில் கோட்டிங்கன் சர்வகலாசாலைப் பேராசிரியை ரூபா விஸ்வநாத் எழுதி 2014-ல் வெளிவந்ததே. ஆகவே, "சீமையாருக்கு இங்கே என்ன வேலை?" என்று கேட்கும் சுதேசி கோஷத்தில் நாம் சேர மாட்டோம். வந்தவர் எழுதியது குற்றமன்று. எழுதியது திரும்பி வராததே குற்றம். அதைத் திருப்பிக் கேட்காதது நம் குற்றம்.

சென்ற ஐப்பசியில் நம் வக்கீல் அறைக்கு ஒரு முதியவர் வந்தார். பாட்டனாருக்குச் சர்க்கார் கொடுத்த இரண்டு ஏக்கரில் இன்று ஒருவர் கம்பி வேலி போட்டிருக்கிறார். தாலூகா கச்சேரியில் பதிவேடு கேட்டால் பக்கம் கிழிந்திருக்கிறதென்று மும்முறை திருப்பி அனுப்பிவிட்டார்களாம். பழைய உத்தரவுகளையும் அயல் நாட்டு நூல்களையும் நாம் மேஜைமீது விரித்து விளக்கினோம். அவர் நெடுநேரம் அந்தப் பக்கங்களையே பார்த்துக் கொண்டிருந்துவிட்டு, "வக்கீல் ஐயா, இதிலே எங்க ஊர் பேர் எந்த இடத்திலே இருக்குன்னு மட்டும் காட்டுங்க" என்றார்.

கடற்கரைக்கு வருவோம். ஆம்ஸ்டர்டாம் சர்வகலாசாலையைச் சேர்ந்த மார்ட்டன் பாவிங்க், சோழமண்டலக் கரையின் மீனவர்களைப் பற்றி 2001-ல் ஒரு நூல் வெளியிட்டார். சர்க்காரின் சட்டம், விசைப்படகு முதலாளிகளின் சங்கம், மீனவர் ஊர்ப் பஞ்சாயத்து என்று ஒரே கடலின்மீது மூன்று அதிகாரங்கள் செல்வதை அது எடுத்துக் காட்டுகிறது. கடலுக்குக் கேடு தரும் வலையை ஊர்ப் பஞ்சாயத்து தடுத்தால் அந்தத் தடை எழுத்தில் இல்லாமலே செல்லுபடியாகிறது. 1983-ஆம் வருஷத்துச் சட்டமோ, கரையோரம் மூன்று கடல் மைலைச் சிறு படகுக்காரருக்கு ஒதுக்கியும், அமலில் தள்ளாடுகிறது. இந்த ஊர்க் கட்டுப்பாட்டை நன்கறிந்தவர் நம் குப்பத்துப் பெரியவர்களே. ஆனால் ஒரு கமிட்டியின் முன் அவர்கள் சொன்னால் வாய்ப் பேச்சு. ஆங்கில நூலில் வந்தால் ஆதாரம். அந்த ஆதாரமாவது அவர்கள் கையில் தமிழில் இருக்க வேண்டாமா? 2004 டிசம்பர் கடல்கோளுக்குப் பின் கேள்வித் தாள்களோடு இக்கரைக்கு வந்தவர் பலர். கேள்விக்குப் பதில் சொன்னவர்கள் அந்தப் பதில்கள் என்னவாயின என்பதை அறிவார்களா?

வர்த்தக ஆராய்ச்சி இன்னும் ஒருபடி மறைவானது. ஓர் அயல்நாட்டுக் கம்பெனி இங்கே ஆலை வைக்குமுன் நம் தொழிலாளியின் கூலி, நம் துறைமுகத்தின் தூரம், மின்சார விலை எல்லாவற்றையும் அளந்து தெரிந்துகொள்கிறது. தொழிலாளிக்கு அதன் கணக்கு தெரியாது. 2021 செப்டம்பரில் போர்டு மோட்டார் கம்பெனி இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது மறைமலைநகர்த் தொழிலாளர் திகைத்து நின்றதற்குக் காரணம் அதுவே. தீர்மானத்துக்கு ஆதாரமான ஆராய்ச்சி அவர்கள் கண்ணில் படவில்லை.

நாம் கேட்பது பெரிதன்று. இந்த ஜில்லாவில் விஷயம் சேகரிக்கும் எந்த ஆராய்ச்சியாளரும், அயலாராயினும் நம்மவராயினும், முடிவைத் தமிழில் சுருக்கி ஜில்லா நூலகத்திலும் சம்பந்தப்பட்ட ஊராட்சியிலும் ஒரு பிரதி வைக்க வேண்டும். அனுமதி கொடுக்கும்போதே சர்க்கார் இதை நிபந்தனையாக்கலாம். பர்னார்டின் ஓலைக் கணக்கை ஊர்வாரியாக அச்சிட்டு அந்தந்த ஊருக்கு அனுப்ப வேண்டும். டிரமென்ஹீரின் குறிப்பும் 1892-ஆம் வருஷத்து உத்தரவும் ஒவ்வொரு தாலூகா கச்சேரியிலும் ஏழை கேட்டால் கொடுக்கும்படி தமிழில் இருக்க வேண்டும். ஆர்வலர் சிலர் சொந்தப் பணத்தில் இத்தகைய மொழிபெயர்ப்புகளில் முயல்வதை நாம் போற்றுகிறோம். அதைக் காட்டிச் சர்க்கார் தன் கடமையைத் தட்டிக் கழித்தல் தகாது. நம் சர்வகலாசாலைகளுக்கும் ஒரு வார்த்தை: பட்டத்துக்காக ஆங்கிலத்தில் எழுதுங்கள், தடையில்லை, எழுதப்பட்டவனுக்காக ஒரு முறை தமிழிலும் எழுதுங்கள்.

அந்த முதியவருக்கு ஊர்ப் பெயரைக் காட்ட நம்மால் இயலவில்லை. நம்மிடமிருந்த எந்த நூலிலும் அது இல்லை. ஓலைக் கட்டில் இருக்கக் கூடும். அதைத் தேடத் தஞ்சாவூருக்கு ஆள் அனுப்பியிருக்கிறோம். வழக்கு தை மாதம் வாய்தாவுக்கு வருகிறது.