மெலிவது எதனால், நிலைப்பது எதனால்?

மில்பிடாஸில் எந்தத் தமிழ்க் குடும்பத்திலும் நடக்கக்கூடிய காட்சி இது. சனிக்கிழமை காலை. சமையலறை மேஜைமீது இரத்தப் பரிசோதனை முடிவு கிடக்கிறது. வீட்டுக்காரருக்கு வயது 46. உயரம் 5 அடி 6 அங்குலம், எடை 172 பவுண்டு. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஏ1சி 6.1 என்று வந்திருக்கிறது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் நீரிழிவின் வாசற்படியில் நிற்பதாக அர்த்தம்.

மனைவி காகிதத்தைப் படித்துவிட்டு, "என்னங்க, உங்க அப்பாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது?" என்று கேட்கிறார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அன்று மத்தியானம் அவர் இரண்டாம் தடவை சாதம் போட்டுக்கொள்ளவில்லை. மாலையில் கடைக்குப் போய் நடப்பதற்கென்று ஒரு ஜோடி ஷூவும் வாங்கி வருகிறார்.

இந்த வைராக்கியம் எத்தனை நாள் நிற்கும் என்பதுதான் கேள்வி. பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம், புராண வைராக்கியம் என்று பெரியவர்கள் மூன்றைச் சொல்லி வைத்தார்கள். வலி தீரும்வரை ஒன்று, சுடுகாட்டிலிருந்து வீடு திரும்பும்வரை ஒன்று, கதை கேட்டு எழுந்திருக்கும்வரை ஒன்று. இந்தக் காலத்தில் நாலாவதாக டாக்டர் ஆபீஸ் வைராக்கியத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். அடுத்த விருந்து வரும்வரை அதற்கு ஆயுள்.

ஆனால் எல்லோருக்கும் அப்படி முடிந்துவிடுவதில்லை. சிலர் மெலிகிறார்கள், மெலிந்தபடியே பல வருஷம் இருக்கவும் செய்கிறார்கள். அவர்களைத் தூண்டியது எது, நிலைக்க வைத்தது எது என்று பார்த்தால் இரண்டும் வேறு வேறு என்று தெரிகிறது.

தூண்டுகோலுக்கு ஓர் உதாரணம் 1961-ல் நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ் பகுதியில் நடந்தது. ஜீன் நைடெட்ச் என்ற இல்லத்தரசி கடையில் சாமான் வாங்கிக்கொண்டிருந்தார். அப்போது அவர் எடை 214 பவுண்டு. எதிரே வந்த தெரிந்த பெண்மணி அவரைக் கர்ப்பிணி என்று நினைத்துக்கொண்டு, குழந்தை எப்போது பிறக்கப் போகிறது என்று விசாரித்துவிட்டார். அந்த அவமானம் தாங்காமல் நைடெட்ச் நகரச் சுகாதார இலாகா நடத்திய கிளினிக்குக்குப் போனார். அங்கே கொடுத்த உணவுத் திட்டப்படி எடை குறையத் தொடங்கியது. ஆனாலும் வீட்டில் ஒளித்து வைத்திருந்த பிஸ்கத்தை ரகசியமாகத் தின்னும் பழக்கம் போகவில்லை. அதைக் கிளினிக்கில் சொல்லவும் வெட்கமாக இருந்தது.

கடைசியில் தம்மைப் போலவே பருமனாக இருந்த ஆறு தோழிகளை வீட்டுக்கு அழைத்து, அவர்கள் எதிரில் பிஸ்கத் விஷயத்தை ஒப்புக்கொண்டார். தோழிகளும் ஆளுக்கு ஒரு ரகசியத்தைச் சொன்னார்கள். வாரம் ஒருமுறை கூடுவது என்று ஏற்பாடாயிற்று. 1962-ல் அவர் எடை 142 பவுண்டுக்கு இறங்கியது. 1963-ல் அந்தக் கூட்டமே வெயிட் வாட்சர்ஸ் என்ற கம்பெனியாக ஆயிற்று. 2015-ல் தமது 91-ஆம் வயதில் அவர் காலமானார்.

கடையில் கேட்ட ஒரு வார்த்தை அவரைக் கிளப்பிவிட்டது வாஸ்தவம். ஆனால் ஐம்பது வருஷத்துக்கு அந்த வார்த்தை தாங்குமா? தாங்கியது வாரந்தோறும் கூடிய அந்தக் கூட்டந்தான்.

இது ஒருவர் கதை. ஆயிரக்கணக்கானவர்களின் அனுபவத்தைத் திரட்டிய முயற்சியும் ஒன்று உண்டு. 1994-ல் ரீனா விங், ஜேம்ஸ் ஹில் என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேடு என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். குறைந்தது 30 பவுண்டு மெலிந்து, ஒரு வருஷமாவது அதைக் காப்பாற்றியவர்களுக்குத்தான் அதில் இடம். 10,000 பேருக்கு மேல் சேர்ந்தார்கள்.

முதலில் எது தூண்டியது என்று அவர்களைக் கேட்டபோது மூன்று காரணங்கள் முன்னால் நின்றன. ஒன்று, உடல்நலம் பற்றிய எச்சரிக்கை: டாக்டர் சொன்னது, அல்லது குடும்பத்தில் ஒருவருக்கு மாரடைப்பு வந்தது. இரண்டு, தராசு அதுவரை காட்டாத எண்ணைக் காட்டியது. மூன்று, போட்டோவிலோ கண்ணாடியிலோ தம்மைத் தாமே பார்த்துத் திடுக்கிட்டது. இவர்களில் உடல்நல எச்சரிக்கையால் தொடங்கியவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக மெலிந்தார்கள். பிறகு ஏறியதும் குறைவு. ஆகவே மேஜைமேல் கிடக்கும் அந்தக் காகிதத்தை அலட்சியமாக நினைக்க வேண்டியதில்லை. நல்ல தூண்டுகோல்தான்.

ஆனால் பயம் ஆறினபின் என்ன ஆகிறது? உடம்பு எதிர்த்து நிற்கத் தொடங்குகிறது. ஆஸ்திரேலியாவில் 50 பேரை 10 வாரம் மிகக் குறைந்த உணவில் வைத்துச் செய்த ஆராய்ச்சி 2011-ல் வெளிவந்தது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோதும் பசியைத் தூண்டும் சுரப்புகள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை. எடை குறைக்கும் டெலிவிஷன் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்துப் பரிசோதித்த முடிவு 2016-ல் வந்தது. சராசரியாக 58 கிலோ இழந்தவர்கள் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். சும்மா இருக்கும்போது அவர்கள் உடம்பு செலவழித்த சக்தி, எதிர்பார்த்ததைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவு. எட்டு, பத்து இட்லிக்குச் சமமான கணக்கு அது. இப்போது வந்திருக்கும் ஊசி மருந்துகளுக்கும் இதே கதிதான். செமாக்ளுடைட் ஊசியை நிறுத்தியவர்களுக்கு, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரு வருஷத்தில் திரும்பிவிட்டதாக 2022-ல் தெரியவந்தது.

ஆகையால் இழந்த எடை திரும்பி வந்தால் அவரைச் சோம்பேறி என்றும், மன உறுதி இல்லாதவர் என்றும் ஏசுவது நியாயமல்ல. பஞ்ச காலத்துக்கென்று படைக்கப்பட்ட உடம்பு அது. இழந்ததை மீட்கப் பார்க்கிறது. அதனோடு தினமும் மன உறுதியை வைத்துக்கொண்டு மல்லுக்கு நிற்க யாராலும் முடியாது. யோசிக்காமலே நடந்துவிடும் பழக்கம் இருந்தால்தான் சமாளிக்க முடியும்.

பதிவேட்டில் உள்ளவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். பத்தில் ஒன்பது பேர் சராசரியாகத் தினம் ஒரு மணி நேரம் தேகப் பயிற்சி செய்கிறார்கள், பெரும்பாலும் நடைதான். 78 சதவீதம் பேர் தினமும் காலை ஆகாரத்தைத் தவறவிடுவதில்லை. 75 சதவீதம் பேர் வாரத்துக்கு ஒருமுறையாவது தராசில் ஏறுகிறார்கள். 62 சதவீதம் பேர் டெலிவிஷன் பார்ப்பது வாரத்துக்கு 10 மணிக்கும் குறைவு. இதில் சூட்சுமம் ஒன்றும் இல்லை. இரண்டு பவுண்டு ஏறியவுடனே கவனிப்பவர் இருபது பவுண்டு ஏறும்வரை காத்திருப்பதில்லை, அவ்வளவுதான்.

தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் தனிச் சங்கடங்கள் உண்டு. முதல் சங்கடம் பாஷையிலேயே இருக்கிறது. "பூசினாற்போல் இருக்கிறாள்" என்றால் புகழ்ச்சி. "இளைச்சுப் போயிட்டியே" என்றால் கவலை. ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்து இறங்கும் தாயார், விமான நிலையத்திலேயே மகனைப் பார்த்துச் சொல்லும் முதல் வார்த்தை அது. இரண்டாம் வார்த்தைக்குள் நெய் டப்பா வெளியே வந்துவிடுகிறது. கஷ்டப்பட்டு 12 பவுண்டு குறைத்தவருக்குச் சொந்த வீட்டில் கிடைப்பது பாராட்டு அல்ல, அனுதாபம்!

இரண்டாவது, உபசாரம். வார இறுதியில் ஒரு பிறந்த நாள், ஒரு சீமந்தம், ஒரு கிரகப்பிரவேசம். "எனக்காக ஒண்ணே ஒண்ணு" என்று போடும் ஜாங்கிரியை மறுப்பது அன்பையே மறுப்பதாகிவிடுகிறது. விரதத்தின் கதியும் அதுதான். ஏகாதசியன்று சாதம் இல்லை என்று சொல்லிவிட்டு, அடையும் ஜவ்வரிசி வடையும் வாழைக்காய் வறுவலுமாக இரண்டு வேளைக்கு உள்ளதை ஒரே வேளையில் முடிப்பவர்கள் இருக்கிறார்கள். பலகாரம் என்பதற்குப் பழ ஆகாரம் என்று ஒரு பொருள் சொல்வார்கள். அது மறந்து நெடுநாளாயிற்று.

மூன்றாவது, "நான் அப்படியொன்றும் குண்டு இல்லையே" என்ற சமாதானம். அக்கம்பக்கத்து அமெரிக்கர்களோடு ஒப்பிட்டால் உண்மைதான். ஆனால் தெற்காசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றில் கொழுப்பு சேர்ந்து சர்க்கரை ஏறுகிறது. பொதுவாக உடல் நிறை எண் 25 ஆனால்தான் அதிக எடை என்பார்கள். ஆசிய வம்சத்தினரை 23 ஆகும்போதே சர்க்கரைக்குப் பரிசோதிக்க வேண்டும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2015-ல் அறிவித்தது. 5 அடி 6 அங்குல உயரமுள்ளவருக்கு 25 என்பது 155 பவுண்டு. 23 என்பது 142 பவுண்டுதான். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. தராசு இல்லாதவர்கள் தையற்காரர் டேப் ஒன்றை வைத்துக்கொண்டால் போதும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு 30 பவுண்டு குறைக்க வேண்டுமே என்று மலைத்து உட்கார வேண்டாம். அமெரிக்காவில் 3,234 பேரை வைத்து நடந்த நீரிழிவுத் தடுப்பு ஆராய்ச்சியின் முடிவு 2002-ல் வந்தது. அவர்களில் ஒரு பிரிவினருக்கு வைத்த இலக்கு, உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிஷம் நடப்பது. சுமார் மூன்று வருஷத்தில் அவர்களிடையே நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்பார்மின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 31 சதவீதந்தான். 172 பவுண்டு உள்ளவருக்கு 7 சதவீதம் என்பது 12 பவுண்டு. பத்து வருஷம் கழித்துப் பார்த்தபோது பலருக்கு எடை திரும்ப ஏறியிருந்தது. அப்படியும் நீரிழிவு வருவது அந்தப் பிரிவில் 34 சதவீதம் குறைவாகவே இருந்தது. பட்ட பாடு வீணாகவில்லை.

சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் 531 பேரை வைத்து நடத்திய ஆராய்ச்சி 2006-ல் வெளியாயிற்று. உணவையும் நடையையும் சீர்படுத்தியவர்களிடையே நீரிழிவு வருவது 28.5 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் அவர்கள் எடை குறிப்பிடும்படி குறையவில்லை. ஆக, தராசு முள் அசையாத வாரத்தில் மனம் தளர்ந்து நடையை நிறுத்துவது பெரிய தவறு. முள்ளுக்குத் தெரியாமல் உள்ளே காரியம் நடந்துகொண்டிருக்கிறது.

மில்பிடாஸ்காரர்களுக்கு நடக்க இடமில்லை என்ற சாக்கும் கிடையாது. ஊருக்குக் கிழக்கே மலையடிவாரத்தில் எட் லெவின் பார்க் இருக்கிறது. மேலே ஏற முடியாதவர்கள் கீழே ஏரிக்கரையோடு நிற்கலாம். மழை நாளானால் கிரேட் மால் இருக்கிறது. 1983 வரை போர்டு கார்கள் தயாரான அந்தத் தொழிற்சாலைக் கட்டிடம் 1994-ல் கடைவீதியாயிற்று. உள்ளே பாதை ஒரே வளையமாகச் சுற்றி வருகிறது. பிரதட்சிணம் போலச் சுற்ற வேண்டியதுதான். பர்ஸை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போவது உத்தமம். கூடவே வழிகாட்ட ஆள் வேண்டும் என்பவர்களுக்கு, மவுன்டன் வியூவில் எல் காமினோ ஆஸ்பத்திரியைச் சேர்ந்த தெற்காசிய இருதய மையம் 2006-ல் தொடங்கப்பட்டது. தெற்காசியர்களின் இருதய நோயையும் நீரிழிவையும் முன்கூட்டியே தடுப்பதுதான் அதன் நோக்கம்.

மறுபடி அந்தச் சமையலறை. ஆறு மாதம் ஆகிறது. பயம் என்றோ போய்விட்டது. ஷூ பழசாகிவிட்டது. அவர் நடையை நிறுத்தாததற்குக் காரணம் மன உறுதி அல்ல. சாயங்காலம் ஆறரை மணிக்கு மனைவி வாசலில் ஷூவைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். மூன்றாம் வீட்டுக்காரரும் அவர் மனைவியும் தெருமுனையில் காத்திருக்கிறார்கள். போகாவிட்டால் நாலு பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். மத்தியானச் சாதத்துக்குச் சின்னக் கிண்ணம் ஒன்றை மனைவி எடுத்து வைத்துவிட்டதால், இரண்டாம் தடவை என்ற பேச்சே எழுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தராசு. இப்போது 161 காட்டுகிறது. ஏ1சி 5.6.

ஊரிலிருந்து தாயார் வந்திருக்கிறார். மகனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வழக்கம்போல், "என்னடா, இப்படி இளைச்சுப் போயிட்டே?" என்கிறார்.

"இளைக்கலேம்மா. அப்பாவுக்கு வந்தது எனக்கு வராம இருக்கணும்னு நடக்கறேன்."

தாயார் ஒன்றும் பேசவில்லை. நெய் டப்பாவை எடுத்து அலமாரியின் மேல் தட்டில் வைக்கிறார். சாயங்காலம் ஆறரைக்குப் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "தெருமுனை வரைக்கும் நானும் வரேன்" என்று வாசலில் வந்து நிற்கிறார்.