நம் வீட்டுப் பிள்ளை வக்கீல் ஆக என்ன வேண்டும்?



கோர்ட்டுப் படி ஏறாத குடும்பம் நம் பக்கத்தில் எத்தனை இருக்கும்? பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு, பட்டாவில் பெயர் மாறிப்போனது, பைக் விபத்துக்கு நஷ்டஈடு, பெண்ணுக்கு ஜீவனாம்சம் என்று ஏதோ ஒன்று வந்துவிடுகிறது. காணையிலும் கண்டாச்சிபுரத்திலும் காலையில் பஸ் ஏறி விழுப்புரம் கோர்ட்டுக்கு வருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். வாய்தா வாய்தாவாக நடந்து, சட்டம் அரைகுறையாக அவர்களுக்கே பழகிப்போயிருக்கும்.

அங்கே நாம் முழுதாக நம்புவது ஒரே ஒருவரைத்தான். அவர் நம் வக்கீல். வக்காலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறோம். நிலத்தின் மூலப்பத்திரத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்புகிறோம்.

அந்தக் கறுப்பு கவுனை அவர் போட்டுக்கொள்ள என்ன தகுதி வேண்டும்? யார் அனுமதிக்கிறார்கள்? எவ்வளவு செலவாகும்? வக்கீல்கள் மட்டும் தெரிந்துகொண்டால் போதும் என்று இதை விட்டுவிட முடியுமா? கேஸ் நடத்துகிறவர்களுக்கும் தெரியவேண்டும், சட்டம் படிக்கும் பிள்ளையை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கும் தெரியவேண்டும்.

அப்படிப்பட்ட வீடுகள் இப்போது நம் மாவட்டத்தில் பெருகிவிட்டன. விழுப்புரத்தில் 2017-ல் அரசு சட்டக் கல்லூரி வந்தது. திண்டிவனத்தில் தனியார் சட்டக் கல்லூரி இருக்கிறது. ஒரு காலத்தில் சட்டம் படிக்கச் சென்னைக்கோ புதுச்சேரிக்கோ போக வேண்டியிருந்தது. இன்று கூலி வேலைக்குப் போகிறவர்களின் மகளும் வீட்டிலிருந்தே போய்ப் படிக்கிறாள்.

படித்தால் போதுமா? பட்டம் வாங்கிய அன்றே யாரும் வக்கீல் ஆகிவிட முடியாது. தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்யவேண்டும். நமக்கும் பக்கத்தில் இருக்கும் புதுச்சேரிக்கும் சேர்த்து ஒரே பார் கவுன்சில்தான். அதன் அலுவலகம் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது.

1961-ம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் கேட்கும் தகுதிகள் எளிமையானவை. இந்தியக் குடிமகனாக இருக்கவேண்டும். 21 வயது முடிந்திருக்கவேண்டும். அங்கீகரிக்கப்பட்ட சட்டப் பட்டம் வேண்டும். பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ஐந்து ஆண்டுப் படிப்பு, ஏற்கெனவே டிகிரி முடித்தவர்களுக்கு மூன்று ஆண்டுப் படிப்பு.

ஒழுக்கக்கேடான குற்றத்தில் தண்டனை பெற்றவர்களைப் பதிவு செய்யக் கூடாது என்று அதே சட்டத்தின் 24ஏ பிரிவு சொல்கிறது. கூடவே இன்னொரு குற்றத்தையும் பெயர் சொல்லியே வைத்திருக்கிறது. அது தீண்டாமைக் குற்றம். இந்தக் குற்றங்களில் தண்டனை பெற்றவர்களுக்கு, விடுதலையாகி இரண்டு ஆண்டு கழியும்வரை இடமில்லை. சக மனிதனைத் தள்ளி வைத்தவன் நியாயம் பேச வரக்கூடாது என்று நினைத்து எழுதியிருக்கிறார்கள். நம் மாவட்டத்தில் இதை ஒவ்வொரு சட்ட மாணவரும் மனப்பாடமாக வைத்திருக்கவேண்டும்.

வயது உச்சவரம்பு உண்டா? கிடையாது. 45 வயது தாண்டியவர்களைப் பதிவு செய்யக் கூடாது என்று இந்திய பார் கவுன்சில் ஒரு விதி போட்டது. 1995-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பிறகு சட்டம் படிக்கும் அம்மாக்களுக்கும் கவுன் உண்டு.

அடுத்து, பணம். இங்கேதான் பல வீடுகள் தடுமாறின.

சட்டத்தில் எழுதியிருக்கும் பதிவுக் கட்டணம் எவ்வளவு தெரியுமா? மாநில பார் கவுன்சிலுக்கு 600 ரூபாய், இந்திய பார் கவுன்சிலுக்கு 150 ரூபாய், ஆக 750 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 100-ம் 25-ம் சேர்த்து 125 ரூபாய். தனியாக ஸ்டாம்ப் செலவு. அவ்வளவுதான்.

நடைமுறையில் என்ன நடந்தது? நலநிதி, நூலகம், அடையாள அட்டை, சான்றிதழ் சரிபார்ப்பு என்று ஒவ்வொரு பெயரிலும் ஒரு தொகை சேர்ந்தது. மாநிலத்துக்கு மாநிலம் 15,000 ரூபாயிலிருந்து 42,000 ரூபாய் வரை வாங்கினார்கள். ஐந்து வருடம் கடன் வாங்கிப் படிக்க வைத்த வீட்டில், கடைசிப் படியில் இவ்வளவு பணத்துக்கு எங்கே போவார்கள்? வீட்டில் மிச்சமிருக்கும் நகை அடகுக் கடைக்குத்தான் போகும்.

2024 ஜூலை 30-ம் தேதி உச்ச நீதிமன்றம் இதற்கு முடிவு கட்டியது. கௌரவ் குமார் என்பவர் தொடர்ந்த வழக்கில், அன்றைய தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட்டும் நீதிபதி ஜே.பி.பர்திவாலாவும் தீர்ப்பு சொன்னார்கள். சட்டம் சொன்னதற்கு மேல் ஒரு ரூபாய்கூடப் பதிவுக்காக வாங்கக் கூடாது. அதிகக் கட்டணம் எளிய, ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகளைத்தான் வெளியே நிறுத்துகிறது என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. 2025 ஆகஸ்டில், 'விருப்பப்பட்டால் கட்டலாம்' என்ற பெயரிலும் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் மறுபடி தெளிவுபடுத்தியது.

பார் கவுன்சில்கள் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. 1993-ல் திருத்திய கட்டணம் இன்றைக்கு எந்த மூலைக்குக் காணும் என்று கேட்கிறார்கள். அலுவலகம் நடத்தவேண்டும், நலிந்த வக்கீல்களின் குடும்பங்களுக்கு உதவவேண்டும். உண்மைதான். ஆனால் அந்தச் சுமையை, இன்னும் ஒரு கேஸ்கூடப் பார்க்காத பிள்ளையின் தலையிலா வைப்பது? சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு கொடுக்கச் சொல்லலாம். கட்டணத்தைக் கூட்டித்தான் ஆகவேண்டும் என்றால் நாடாளுமன்றம் விவாதித்துக் கூட்டட்டும்.

பணத்தில் தளர்வு வேண்டும் என்று கேட்கிற நான், படிப்பில் தளர்வு கேட்கமாட்டேன். அங்கே கண்டிப்பு இருந்தே ஆகவேண்டும். நம் நிலமும் மானமும் அவர் கையில் அல்லவா இருக்கிறது?

பதிவு செய்தவர்கள் இரண்டு ஆண்டுக்குள் அகில இந்திய பார் தேர்வில் பாஸ் செய்யவேண்டும். 2010-ல் கொண்டுவந்த ஏற்பாடு இது. வேண்டுமா வேண்டாமா என்று நீண்ட காலம் வழக்கு நடந்து, 2023 பிப்ரவரி 10-ம் தேதி உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, இப்படித் தேர்வு வைக்க இந்திய பார் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு என்று சொல்லிவிட்டது.

மொத்தம் நூறு கேள்விகள், சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் முறை. தமிழிலும் எழுதலாம். குறிப்புகள் ஏதும் இல்லாத சட்டப் புத்தகத்தை உள்ளே எடுத்துப் போகலாம். புத்தகத்தைக் கையில் கொடுத்தும் கஷ்டமாக இருக்கிறது என்றால், எந்தச் சட்டம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பழகவில்லை என்றுதானே அர்த்தம்? கோர்ட்டில் தினமும் செய்யவேண்டிய வேலையே அதுதான். ஆனால் இந்தத் தேர்வுக்கும் 3,500 ரூபாய், பட்டியல் பிரிவினருக்கு 2,500 ரூபாய் என்று வாங்கி வந்தார்கள். பதிவுக் கட்டணத்துக்குச் சொன்ன நியாயத்தை இதற்கும் யோசிக்கலாம்.

பெற்றோருக்கு முக்கியமாக ஒரு விஷயம். பத்தாவது, பிளஸ் டூ, டிகிரி என்று வரிசையாகப் படித்திருந்தால்தான் மூன்று ஆண்டு சட்டப் படிப்பு செல்லும். பிளஸ் டூ படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக டிகிரி வாங்கியவர்களை இந்திய பார் கவுன்சிலின் 2008-ம் ஆண்டு விதிகள் ஏற்பதில்லை. குடும்பக் கஷ்டத்தில் பள்ளியை விட்டவர்கள் அந்த வழியில் போயிருப்பார்கள். ஏதோ ஒரு கல்லூரியில் சீட் கிடைத்து, மூன்று வருடம் படித்தும் முடித்திருப்பார்கள். பதிவுக்கு வந்து நிற்கும்போதுதான் 'செல்லாது' என்பார்கள். அந்த வருடங்களை யார் திருப்பித் தருவது? சேருவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

'வகுப்புக்கே வரவேண்டாம், பரீட்சைக்கு வந்தால் போதும்' என்று வெளிமாநிலக் கல்லூரிக்கு ஆள் பிடிக்கும் புரோக்கர்களை நம்பாதீர்கள். சட்டப் படிப்புக்கு வருகைப்பதிவு கட்டாயம். வகுப்புக்குப் போகாமல் வாங்கிய பட்டத்தோடு நம் வீட்டு வழக்கை நடத்த ஒருவர் வந்தால் ஒப்புக்கொள்வோமா? நம் பிள்ளையும் அப்படிப் போய் நிற்க வேண்டாம்.

பார் தேர்வு முடிந்த பிறகுதான் உண்மையான கஷ்டம் தொடங்குகிறது. சீனியரிடம் ஜூனியராகச் சேருவார்கள். கட்டு தூக்கவேண்டும், வாய்தா வாங்கவேண்டும், நகல் மனு போடவேண்டும். தொழில் அங்கேதான் பழகும். இலங்கையில் சட்டத்தரணி ஆவதற்கு முன்பே ஒரு மூத்தவரிடம் ஆறு மாதம் பயிற்சி பெறவேண்டும். நம் நாட்டிலும் ஓராண்டுப் பயிற்சியைக் கட்டாயமாக்கி 1995-ல் விதி கொண்டுவந்தார்கள். அப்படி விதிக்கும் அதிகாரம் இந்திய பார் கவுன்சிலுக்கு இல்லை என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதனால் எல்லாமே சீனியரின் நல்ல மனதை நம்பித்தான் இருக்கிறது.

சம்பளம்? பல ஜூனியர்களுக்குக் கிடைப்பது பஸ் செலவுக்கே சரியாகிவிடுகிறது. வீட்டில் வசதி உள்ளவர்கள் தாக்குப்பிடிப்பார்கள். முதல் தலைமுறைப் பிள்ளைகள்? இரண்டு வருடத்தில் கவுனை மடித்து வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், புதுச்சேரி தொடர்பான ஒரு வழக்கை விசாரித்தபோது இதைக் கவனித்தது. ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற மாவட்டங்களில் 15,000 ரூபாயும் கொடுக்கவேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்ப பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. தமிழக அரசும் 2020-ல், ஏழ்மையான குடும்பத்து இளம் வக்கீல்களுக்கு இரண்டு ஆண்டுகள் மாதம் 3,000 ரூபாய் தரும் திட்டத்தைத் தொடங்கியது. நம் மாவட்டத்து மூத்த வக்கீல்களை உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். பெரிய ஆபீஸ் நடத்துகிறவர்களாவது இந்தத் தொகையைக் கொடுத்து முன்மாதிரியாக இருங்கள். சின்ன ஆபீஸ் என்றால் முடிந்ததைக் கொடுங்கள், ஆனால் மாதம் தவறாமல் கொடுங்கள்.

கேஸ் உள்ளவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு நிமிடம் அதைப் பாருங்கள். வக்கீலின் பெயருக்குக் கீழே எம்.எஸ். என்று தொடங்கி, ஓர் எண்ணும் பதிவு செய்த வருடமும் முத்திரையாக இருக்கும். அதுதான் அவருடைய பதிவு எண். அதை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பதிவே இல்லாமல் கோர்ட்டில் வக்கீல் தொழில் செய்பவருக்கு ஆறு மாதம் வரை சிறை என்று சட்டம் சொல்கிறது. நேர்மையான வக்கீல் எவரும் நீங்கள் எண்ணைக் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். சரியாக நடக்கவில்லை என்று தோன்றினால் பார் கவுன்சிலில் புகார் கொடுக்கவும் அதே எண்தான் உதவும்.

வக்கீல் வைக்கப் பணமே இல்லையா? பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக் குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள்.

பிள்ளை சட்டம் படிக்கும் வீடுகளுக்கு என் வேண்டுகோள் இதுதான். பதிவுக்காக நகையை அடகு வைக்காதீர்கள், 750 ரூபாய் என்ற தீர்ப்பு கையில் இருக்கிறது. அந்த நகையைப் பத்திரமாக வையுங்கள். ஜூனியராக இருக்கும் முதல் இரண்டு மூன்று வருடங்களில்தான் வீட்டின் ஆதரவு அவர்களுக்குத் தேவைப்படும். 'இவ்வளவு படித்தும் சம்பாதிக்கவில்லையே' என்ற ஒரு சொல்லை அந்தக் காலத்தில் மட்டும் சொல்லாமல் இருங்கள். அவர்கள் நின்று காட்டுவார்கள். நம் ஊர் வழக்கை நம் ஊர்ப் பேச்சிலேயே கேட்டுப் புரிந்துகொள்ளும் வக்கீல்கள் நமக்கு நிறைய வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்