வஸந்தம் வந்தால் அழுவானேன்?

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காபி சாப்பிட்டுவிட்டு, ஒரு ஜாஸ் இசைத்தட்டைச் சுழலவிட்டுச் சாய்வு நாற்காலியில் சாய்ந்தேன். பாடியவள் எல்லா ஃபிட்ஜெரால்ட். கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை தலையை நிமிர்த்தினாள்.

"என்னடா பாட்டு இது?"

"வஸந்த காலத்தைப் பற்றிப் பாடுகிறாள், அத்தை."

"நன்றாயிருக்கிறது! வஸந்தம் வந்ததற்கா இந்த அழுகை? ஊருக்குப் போன புருஷன் பத்து மாதமாகக் கடிதாசு போடாதவள் மாதிரியல்லவா பாடுகிறாள்!"

அத்தைக்கு இங்கிலீஷில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் விஷயத்தின் நடுமையத்தைத் தொட்டுவிட்டாள். வஸந்தத்தைப் பற்றி ஜாஸ் வித்வான்கள் ஆசையோடு எடுத்துக்கொண்ட பாட்டுக்களைக் கேளுங்கள். பாதிக்கு மேல் சோகம்தான்!

அந்த ஊர் வஸந்தம் நம் சித்திரை வெயில் அல்ல. மாதக் கணக்கில் குளிர், மரங்களெல்லாம் மொட்டை, ஜன்னல்களெல்லாம் அடைப்பு. அப்போது யார் தனியாக இருக்கிறார்கள், யார் ஜோடியாக இருக்கிறார்கள் என்று யார் பார்க்கப் போகிறார்கள்? எல்லாரும்தான் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கிறார்களே! பனி உருகி, மரம் பூத்து, ஊரே கைகோத்துக்கொண்டு பூங்காவுக்குப் புறப்படும்போதுதான் துணையில்லாதவளின் பாடு பகிரங்கமாகிறது.

அன்று நான் கேட்ட பாட்டின் பெயர் 'ஸ்பிரிங் கேன் ரியலி ஹாங் யூ அப் தி மோஸ்ட்'. 'வஸந்தம்தான் ஆளை ரொம்பவும் படுத்துகிறது' என்று வைத்துக்கொள்ளலாம். எழுதியவர் ஒரு குடும்ப ஸ்திரீ, ஃப்ரான் லாண்டஸ்மன். அமெரிக்காவில் செயின்ட் லூயி நகரத்தில் அவருடைய கணவர் வீட்டார் 'கிறிஸ்டல் பாலஸ்' என்ற கேளிக்கை விடுதி நடத்தினார்கள். அங்கே பியானோ வாசித்தவர் டாமி உல்ஃப். மகாகவி டி. எஸ். எலியட் 1922-ல் வெளியிட்ட நெடுங்கவிதை ஒன்று, ஏப்ரல் மாதத்தின் கொடுமையைச் சொல்லித்தான் ஆரம்பமாகிறது. இதையே ஒரு ஜாஸ் வித்வான் தன் கொச்சைப் பேச்சில் சொன்னால் எப்படியிருக்கும் என்று அந்த அம்மாளுக்கு ஒரு குறும்பு யோசனை. விளையாட்டாக எழுதினார்; உல்ஃப் மெட்டமைத்தார். 1955-ம் வருஷத்துச் சமாசாரம் இது. எலியட் பிறந்ததும் அதே செயின்ட் லூயி நகரம்தான் என்பது வேடிக்கை. 1961-ல் எல்லா அதைப் பாடியபோது பெரிய வாத்திய கோஷ்டியெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. பியானோ முதலான சில பக்க வாத்தியங்கள், அவ்வளவுதான். குரல் ஒரு இடத்திலாவது விம்ம வேண்டுமே! விம்மாது. அதனால்தான் கேட்கிறவர்களுக்கு நெஞ்சை அடைக்கிறது.

இன்னொரு பாட்டு, 'இட் மைட் அஸ் வெல் பி ஸ்பிரிங்'. 1945-ல் வந்த 'ஸ்டேட் ஃபேர்' என்ற சினிமாவுக்காக ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் இசையமைத்து ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் எழுதியது. ஆஸ்கர் பரிசும் பெற்றது. (எழுதியவர் பெயரும் ஆஸ்கர், பரிசின் பெயரும் ஆஸ்கர்!) ஒரு பண்ணை வீட்டுப் பெண்ணுக்கு இருப்புக் கொள்ளவில்லை. காரணம் கேட்டால் அவளுக்கே தெரியாது. காலமோ வஸந்தமும் அல்ல. வஸந்தம் வந்தால் மனசு என்ன பாடு படுமோ, அந்தப் பாடு இப்போதே படுகிறதே என்கிறாள். கல்யாணத்துக்கு முன் ஒரு சாயங்காலமாவது காரணமில்லாமல் கொல்லைப்புறத்துக்கும் வாசலுக்குமாக நடந்திராத வாசகி உண்டானால் கையைத் தூக்கலாம்! திரையிலே வாயசைத்தவர் ஜீன் கிரெய்ன். பின்னணியில் பாடியவர் லூயன் ஹோகன். அந்த வித்தை நமக்கு மட்டும் சொந்தமல்ல போலிருக்கிறது. பிறகு 1950-ல் ஸாரா வான் இதைத் தேன் பாகு மாதிரி இழுத்துப் பாடினார். அந்தத் தட்டில் பின்னால் டிரம்பெட் வாசிக்கிறவர் மைல்ஸ் டேவிஸ். பிற்காலத்தில் உலகையே ஆட்டிவைத்தவருக்கு அப்போது இருபத்து நாலு வயது நிரம்பவில்லை.

'ஏப்ரல் இன் பாரிஸ்' என்ற பாட்டின் கதையே வேறு. 1932-ல் ஒரு நியூயார்க் நாடகத்துக்காக வெர்னன் டியூக் இசையமைத்தது. அவர் ருஷ்யாவிலே பிறந்தவர். பாரிஸை நன்கு அறிந்தவர். வார்த்தைகளை எழுதிய யிப் ஹார்பர்க் அதுவரை பாரிஸைக் கண்ணால் கூடப் பார்த்ததில்லை என்பார்கள். அதுவும் தனிமைப் பாட்டுத்தான். ஆனால் 1955-ல் கவுண்ட் பேஸி என்ன செய்தார் தெரியுமோ? வார்த்தைகளைத் தூக்கிக் கடாசிவிட்டு, எக்காளமும் தாரையுமாகத் தம் கோஷ்டியை விட்டு முழங்கச் செய்தார். சோகம் போன இடம் தெரியவில்லை! நடுவே ஒரு டிரம்பெட்காரர் குழந்தைப் பாட்டு ஒன்றை வேறு நுழைக்கிறார். கடைசியில் மங்களம் பாடியாயிற்று என்று நாம் எழுந்திருக்கப் போகும்போது, 'இன்னொரு தடவை' என்று பேஸியின் குரல் கேட்கிறது. மறுபடி முடிகிறது. மறுபடியும் குரல்! இது வந்தபோது அத்தை முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"இது தேவலை. கல்யாண வீடு மாதிரி இருக்கிறது" என்றாள்.

"இன்னும் ஒன்று இருக்கிறது அத்தை. இதில் அழுகையே கிடையாது" என்று 'ஜாய் ஸ்பிரிங்' போட்டேன்.

இதை அமைத்தவர் கிளிஃபர்ட் பிரவுன் என்ற டிரம்பெட் வித்வான். 1954-ல் தாள வாத்திய மேதை மாக்ஸ் ரோச்சுடன் சேர்ந்து வாசித்துப் பதிவு செய்தார். ஒரு அடியை வாசித்துவிட்டு, அதே அடியை அரை ஸ்வரம் மேலே ஏற்றி மறுபடி வாசிக்கிறார். சந்தோஷத்தில் ஒருவன் மாடிப்படி ஒன்று தாவி ஏறுகிற மாதிரி இருக்கும். இங்கிலீஷில் 'ஸ்பிரிங்' என்றால் வஸந்தமும் ஆகும், ஊற்றும் ஆகும். ஆனந்த ஊற்று என்று அவர் செல்லமாக அழைத்தது தம் மனைவி லாரூவைத்தான். இந்த லாரூ யார்? மேல்நாட்டு சாஸ்திரீய சங்கீதம் படித்துக்கொண்டிருந்த மாணவி. ஜாஸ் என்றாலே முகத்தைச் சுளித்தவள்! அவளை மாற்றி, 1954 ஜூன் 26-ம் தேதி கைப்பிடித்தார் பிரவுன். அன்று அவளுக்குப் பிறந்த நாளும்கூட. குடி கிடையாது, போதை கிடையாது. அந்தக் காலத்து ஜாஸ் உலகில் அது ஒரு அதிசயம்.

அத்தை புன்னகையோடு கேட்டுக்கொண்டிருந்தாள். இதோடு நிறுத்தியிருக்கலாம். பத்திரிகைக்காரனின் வாய் நிற்குமா?

1956 ஜூன் 26. ராத்திரி, மழை. ஃபிலடெல்பியாவிலிருந்து அடுத்த கச்சேரிக்காகச் சிகாகோவுக்குக் கார் போய்க்கொண்டிருந்தது. பென்சில்வேனியா நெடுஞ்சாலையில் தடம் புரண்டது. பிரவுனும், பியானோ வாசித்த ரிச்சி பவலும், காரை ஓட்டிய பவலின் மனைவியும் அங்கேயே போய்விட்டார்கள். பிரவுனுக்கு வயது இருபத்தைந்து. கல்யாண நாள், பிறந்த நாள், வீட்டிலே கைக்குழந்தை.

அத்தை வெகு நேரம் பேசவில்லை. தட்டு முடிந்து ஊசி கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"அந்தப் பெண் அப்புறம் என்ன ஆனாள்?" என்றாள்.

"குழந்தையை வளர்த்தாள். பிற்காலத்தில் புருஷன் பேரில் ஒரு தர்ம ஸ்தாபனம் வைத்து, சங்கீதம் கற்கும் பிள்ளைகளுக்கு உதவினாள்."

"பாட்டு வேண்டாமென்று ஒதுக்கிவிடவில்லையே?"

"இல்லை, அத்தை."

அத்தை முறத்தை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"சரி, அந்த மாடிப்படிப் பாட்டை இன்னொரு தடவை போடு" என்றாள்.