ஆட்டிசத்துக்காக மாரத்தான் ஓடும் பெற்றோர்: ஓட்டம் சரி, திசை?

1/
"புள்ளைக்கு ஆட்டிசம். அப்பா எதுக்கு 42 கிலோமீட்டர் ஓடுறார்? அவர் ஓடினா புள்ள பேசிடுமா?"

ஆட்டிசத்துக்காக மாரத்தான் ஓடும் பெற்றோரின் படம் எங்கே வந்தாலும் இந்தக் கேள்வியும் கூடவே வருகிறது. நக்கலாகக் கேட்பவர்களும் உண்டு. நிஜமாவே புரியாமல் கேட்பவர்களும் உண்டு. ரெண்டு பேருக்கும் சேர்த்து கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையா படிங்க.

2/
என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ஓடட்டும். தாராளமா ஓடட்டும்.

ஆனால் மூன்று கேள்விகளுக்குப் பதில் வைத்துக்கொண்டு ஓட வேண்டும். சட்டையில் என்ன எழுதியிருக்கிறது? திரட்டும் பணம் எங்கே போகிறது? நாம் ஓடும் நேரத்தில் வீட்டில் பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

3/
முதலில் ஆட்டிசம் பற்றி சுருக்கமாக.

இது மூளை வளரும் விதத்தில் பிறவியிலேயே இருக்கும் வேறுபாடு. பழகுவது, பேசுவது, உணர்வது எல்லாவற்றிலும் அது தெரியும். சத்தம், வெளிச்சம், தொடுதல் சிலருக்குத் தாங்க முடியாததாக இருக்கும். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். சிலர் கல்லூரி முடித்து வேலைக்குப் போவார்கள். சிலருக்கு வாழ்நாள் முழுக்கத் துணை தேவைப்படும்.

2021 நிலவரப்படி உலகில் சுமார் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உங்கள் தெருவில், உங்கள் பிள்ளையின் பள்ளியில் நிச்சயம் இருப்பார்கள்.

4/
சரி, ஓட்டத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

பணம். லண்டன் மாரத்தானையே எடுத்துக்கங்க. 1981-ல் ஆரம்பித்தது. அதில் ஓட இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. தொண்டு நிறுவனங்கள் முன்கூட்டியே இடங்களை வாங்கி வைத்துக்கொள்ளும். "இந்த இடத்தை உனக்குத் தர்றோம், நீ இவ்வளவு நிதி திரட்டிக் கொடு" என்று ஓடுபவரிடம் பேசிக்கொள்ளும். அவர் சொந்தக்காரர்கள், அலுவலக நண்பர்கள், அக்கம்பக்கத்தார் எல்லோரிடமும் கேட்டுத் திரட்டுவார். இப்படி எல்லாத் தொண்டுகளுக்கும் சேர்த்து 2024-ல் மட்டும் திரண்டது 7 கோடி பவுண்டுக்கு மேல்.

அதில் ஆட்டிசத்துக்காக ஓடிய அப்பாக்களும் அம்மாக்களும் உண்டு.

5/
இந்தப் பெற்றோர் வெறும் நன்கொடை வசூலிப்பவர்கள் என்று நினைக்காதீங்க. ஆட்டிசத்தின் வரலாற்றையே எழுதியவர்கள் பெற்றோர்தான்.

1943-ல் லியோ கேனர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். ஆட்டிசம் தனியாக அடையாளம் காணப்பட்டது அப்போதுதான். அதற்குப் பிறகு வந்த காலம் கொடுமையானது. "தாய் பாசமில்லாமல் ஐஸ் பெட்டி மாதிரி இருப்பதால்தான் பிள்ளை இப்படி ஆகிறது" என்று படித்தவர்களே சொன்னார்கள். புரூனோ பெட்டல்ஹைம் 1967-ல் இதைப் புத்தகமாகவே எழுதி ஊரெல்லாம் பரப்பினார்.

யோசிச்சுப் பாருங்க. ராத்திரி பகலா தூங்காம பிள்ளையைப் பார்க்கும் தாயிடம் போய், காரணமே நீதான் என்று சொன்னால் எப்படி இருக்கும்?

6/
இதை உடைத்தது ஒரு அப்பா. பெர்னார்ட் ரிம்லாண்ட். அமெரிக்கக் கடற்படையில் உளவியலாளர். அவர் மகனுக்கு ஆட்டிசம். கிடைத்ததை எல்லாம் தேடிப் படித்து, இது தாயின் குற்றம் இல்லை, உடல் சார்ந்த காரணம்தான் என்று 1964-ல் புத்தகம் எழுதினார். கேனரே அதற்கு முன்னுரை கொடுத்தார்.

இங்கிலாந்தில் 1962-ல் பெற்றோர் சிலர் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதுதான் இன்றைய தேசிய ஆட்டிசச் சங்கம். நிறுவியவர்களில் ஒருவர் லோர்னா விங். மனநல மருத்துவர், ஆட்டிசம் உள்ள மகளின் தாய். இன்று நாம் ஆட்டிசத்தை ஒரு "ஸ்பெக்ட்ரம்" என்று சொல்கிறோமே, அந்தப் பார்வை பெரும்பாலும் அவர் தந்தது. அவர்கள் தொடங்கிய பள்ளி 1965-ல் லண்டனில் திறந்தது. "உங்க பிள்ளைக்குப் படிப்பு வராது" என்று ஊர் சொன்ன காலம் அது.

பெற்றோர் இறங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

7/
ஆனால் கதை இங்கே முடியவில்லை. இதுக்கப்புறம் நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது.

அதே ரிம்லாண்ட், தாய்மாரை பழியிலிருந்து மீட்ட அதே மனிதர், பின்னாளில் தடுப்பூசிதான் ஆட்டிசத்துக்குக் காரணம் என்ற பக்கம் சாய்ந்தார். நிரூபணம் இல்லாத பல சிகிச்சைகளுக்கு ஆதரவாக நின்றார்.

அன்பு குறையவில்லை. உழைப்பு குறையவில்லை. திசை மாறிவிட்டது.

8/
அந்தத் திசை எவ்வளவு ஆபத்தானது?

1998-ல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு வெறும் 12 குழந்தைகளை வைத்து எம்எம்ஆர் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டார். 2010-ல் லான்செட் இதழ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு அவர் பெயர் பிரிட்டன் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. 2019-ல் டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு வெளிவந்தது. எம்எம்ஆர் போட்டதால் ஆட்டிசம் கூடவில்லை என்று தெளிவாகச் சொன்னது.

ஆனாலும் இன்றைக்கும் "டாக்டர், ஊசி போட்டதுக்கப்புறம்தான் புள்ள பேச்சு நின்னுச்சு" என்று சொல்லும் பெற்றோர் இருக்கிறார்கள். அவர்களைத் திட்டி என்ன பிரயோஜனம்? தடுப்பூசி போடும் வயதும், ஆட்டிசத்தின் அறிகுறிகள் வெளியே தெரியும் வயதும் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம் அது. உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள்.

9/
இப்போ முதல் கேள்வி. சட்டையில் என்ன எழுதியிருக்கு?

"ஆட்டிசத்தை ஒழிப்போம்", "ஆட்டிசத்தை வெல்வோம்" என்று எழுதிக்கொண்டு ஓடாதீங்க. போலியோவை ஒழிக்கலாம். ஆட்டிசம் கிருமி கிடையாது. அந்தப் பிள்ளையின் இயல்போடு பின்னிக் கிடப்பது. அந்த வாசகத்தை வளர்ந்த ஆட்டிசம் உள்ள ஒருவர் படித்தால் என்ன நினைப்பார்? "என்னையா ஒழிக்கப் போறாங்க?"

அமெரிக்காவின் பெரிய அமைப்பான ஆட்டிசம் ஸ்பீக்ஸ், ஆட்டிசம் உள்ளவர்களே எழுப்பிய கண்டனங்களுக்குப் பிறகு, 2016-ல் தன் நோக்க அறிக்கையிலிருந்து "குணப்படுத்துதல்" என்ற சொல்லையே எடுத்துவிட்டது. நாமும் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். "இடம் கொடுங்க", "பள்ளியில் சேர்த்துக்கங்க", "வேலை கொடுங்க" என்று எழுதுங்க. கேட்க வேண்டியதைக் கேளுங்க.

10/
ரெண்டாவது கேள்வி. பணம் எங்கே போகுது?

இது விளையாட்டு இல்லை. ஆட்டிசத்தைக் குணப்படுத்தும் மருந்தோ ஊசியோ இன்றைக்குக் கிடையாது. பேச்சுப் பயிற்சி, தொழில்வழி சிகிச்சை எனப்படும் ஆக்குபேஷனல் தெரபி, சிறப்புக் கல்வி, பெற்றோருக்கான பயிற்சி இவைதான் பலன் தருபவை. தூக்கமின்மை, வலிப்பு போன்ற கூட வரும் பிரச்சினைகளுக்கு மருந்து உண்டு.

ஆனால் ஸ்டெம் செல் ஊசி என்று சொல்லி லட்சக்கணக்கில் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை பரிந்துரைக்கத்தக்கது இல்லை என்று 2022-லேயே தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் சொல்லிவிட்டது. நகையை அடகு வைத்து அங்கே போகாதீங்க. நீங்கள் ஓடித் திரட்டிய காசும் அங்கே போக வேண்டாம்.

11/
நன்கொடை கொடுக்கும் முன் கேளுங்க:

அமைப்பு முறையாகப் பதிவு செய்யப்பட்டதா? வரவு செலவுக் கணக்கைக் காட்டுவார்களா? அங்கே உள்ள சிறப்பாசிரியர்களும் தெரபிஸ்டுகளும் உரிய படிப்பும் பதிவும் உள்ளவர்களா? 18 வயது தாண்டியவர்களுக்கு அங்கே ஏதாவது உண்டா? நிர்வாகத்தில் ஆட்டிசம் உள்ள ஒருவராவது இருக்கிறாரா? "குணமாக்கித் தருகிறோம்" என்று சொல்கிறார்களா? கடைசிக் கேள்விக்கு "ஆமாம்" என்று பதில் வந்தால் பர்ஸை மூடிடுங்க.

12/
என்னைக் கேட்டால் பணம் தேவைப்படும் இடங்கள் இரண்டு.

ஒன்று, சிறு ஊர்கள். சென்னையிலும் கோவையிலும் தெரபி மையங்கள் உண்டு. ஒரு கிராமத்துத் தாய் வாரம் மூன்று நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரெண்டு பஸ் மாறி வரணும். அன்றைய கூலி போச்சு. நாலு மாதம் வருவார், பிறகு நின்றுவிடுவார். அந்த ஊருக்கு ஒரு தெரபிஸ்ட் போனால் அதுதான் பெரிய சேவை.

இரண்டு, வளர்ந்தவர்கள். ஆட்டிசம் என்றாலே நமக்கு மூன்று வயதுப் பிள்ளைதான் நினைவுக்கு வருகிறது. அந்தப் பிள்ளைக்கும் முப்பது வயது ஆகும். "எனக்கப்புறம் இவனை யார் பார்ப்பா?" இந்தக் கேள்வியோடுதான் ஒவ்வொரு பெற்றோரும் தூங்கப் போகிறார்கள்.

13/
மூன்றாவது கேள்வி. கொஞ்சம் உறுத்தும், இருந்தாலும் கேட்டுத்தான் ஆகணும்.

முழு மாரத்தானுக்கு நாலைந்து மாதப் பயிற்சி வேண்டும். ஞாயிறு காலை மட்டுமே மூன்று மணி நேரம் போய்விடும். அப்பா ஓடுகிறார், பதக்கம் வாங்குகிறார், படம் வருகிறது. அந்த மூன்று மணி நேரமும் பிள்ளை யாரோடு இருந்தது? பெரும்பாலும் அம்மாவோடு. வேலையை விட்டது அவர், தெரபிக்கு அலைவது அவர், மாமியார் பேச்சைக் கேட்பதும் அவர்.

அப்பாக்களே, ஓடுங்க. ஆனால் நீங்கள் எத்தனை மணி நேரம் ஓடுகிறீர்களோ, அதே அளவு நேரம் வாரத்தில் அவருக்கும் கொடுங்க. அவர் ஓடட்டும், தூங்கட்டும், சும்மா உட்கார்ந்து டீ குடிக்கட்டும். அது அவர் இஷ்டம்.

14/
ஏன் இதை அழுத்திச் சொல்றேன்னா, பிள்ளையைப் பார்க்கும் பெற்றோரின் உடம்பும் மனசும் தேய்ந்துகொண்டே போகிறது. தூக்கம் கெடுகிறது, மனச்சோர்வு வருகிறது, சுகரும் பிரஷரும் கவனிக்கப்படாமல் ஏறுகின்றன. "எனக்கென்ன டாக்டர், அவனுக்கு மட்டும் பாருங்க" என்பார்கள். அந்தப் பிள்ளைக்கு நாற்பது வயதிலும் நீங்க வேணும். அதனால் உங்கள் உடம்பும் அவன் சிகிச்சையில் ஒரு பகுதிதான்.

இந்த ஒரு காரணத்துக்காகவே ஓட்டத்தை நான் ஆதரிக்கிறேன். நிதி ஒரு ரூபாய்கூட திரளாவிட்டாலும் சரி.

15/
ஓடப் போறவங்களுக்கு மருத்துவராக நாலு வார்த்தை.

நாற்பது தாண்டியவர்கள், சுகர், பிரஷர், இதயப் பிரச்சினை உள்ளவர்கள் பரிசோதனை செய்யாமல் ஆரம்பிக்காதீங்க. முதலில் நடை, பிறகு 5 கிலோமீட்டர். 42.195 கிலோமீட்டர் எங்கேயும் ஓடிப்போகாது. ஓடும்போது தாகத்துக்குத் தண்ணீர் குடிங்க. அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து ஆபத்தாகும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடவே கூடாது. நெஞ்சில் அழுத்தம், மயக்கம் வந்தால் உடனே நிறுத்துங்க.

16/
பிள்ளையை மைதானத்துக்கு அழைத்துப் போவது பற்றி.

ஒலிபெருக்கி, விசில், கூட்டம். பெரியவர்களுக்கே காது வலிக்கும். சத்தம் தாங்காத பிள்ளையை முடிவுக் கோட்டில் நிற்க வைத்துப் படம் எடுக்கணுமா? அவனுக்குப் பிடித்திருந்தால் கூட்டிப் போங்க. இல்லையென்றால் வேண்டாம். அவன் அழும் வீடியோவைப் போட்டு நிதி கேட்பது வேண்டவே வேண்டாம். நாளைக்கு அவன் வளர்ந்து பார்ப்பான்.

ஓடுவது அவனுக்கே பிடித்திருந்தால்? அமெரிக்காவின் மைக்கேல் பிரானிகன் ஆட்டிசம் உள்ள ஓட்டக்காரர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1500 மீட்டரில் தங்கம் வென்றார். எல்லோரும் அப்படி ஆக வேண்டாம். ஓடிப் பார்க்க ஒரு வாய்ப்பு கிடைத்தால் போதும்.

17/
ஓடாதவர்களுக்கும் வேலை உண்டு.

உங்கள் வீட்டுக் குழந்தை ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லையா? ஒன்றரை வயதாகியும் விரல் நீட்டிக் காட்டவில்லையா? இரண்டு வயதில் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசவில்லையா? பேசிக்கொண்டிருந்த பேச்சு நின்றுவிட்டதா? "ஆம்பளப் புள்ள லேட்டாதான் பேசும்", "அவங்க அப்பாவும் நாலு வயசுலதான் பேசினாரு" என்று காத்திருக்க வேண்டாம். குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்க. ஒன்றுமில்லை என்றால் நிம்மதி. இருந்தால், சீக்கிரம் ஆரம்பிக்கும் பயிற்சிக்குப் பலன் அதிகம்.

18/
அரசிடம் இருப்பதையும் தெரிஞ்சுக்கங்க.

மாவட்ட அளவில் ஆரம்ப நிலை இடையீட்டு மையங்கள் உண்டு, கட்டணம் இல்லை. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அடையாள அட்டை வாங்குங்க. தேசிய அறக்கட்டளையின் நிராமயா திட்டத்தில் ஆண்டுக்கு 1 லட்சம் வரை மருத்துவக் காப்பீடு உண்டு. பிள்ளைக்கு 18 வயது ஆனதும் சட்டப்படி பாதுகாவலர் நியமனம் தேவைப்படலாம். அதை மாவட்ட அளவிலேயே செய்துகொள்ளலாம்.

19/
முதல் கேள்விக்கே வருவோம். அப்பா ஓடினா புள்ள பேசிடுமா?

பேசாது. ஆனால் அந்த அப்பா பிள்ளையை ஒளித்து வைக்கவில்லை. கல்யாணத்துக்குக் கூட்டிப் போகாமல், பக்கத்து வீட்டுக்குச் சொல்லாமல், பெயரையே உச்சரிக்காமல் இருந்த குடும்பங்களை நான் நிறைய பார்த்துவிட்டேன். "என் பிள்ளைக்கு ஆட்டிசம்" என்று நெஞ்சில் எழுதிக்கொண்டு ஒருவர் நடுரோட்டில் ஓடினால், அதைப் பார்த்து இன்னொரு அம்மா தன் பிள்ளையை வெளியே கூட்டி வருவார்.

20/
அதனால் அடுத்த முறை அப்படி ஒருவர் ஓடுவதைப் பார்த்தால் கை தட்டுங்க. முடிந்தால் நூறு ரூபாய் கொடுங்க, கணக்கும் கேளுங்க. திங்கட்கிழமை அந்தப் பிள்ளை உங்கள் பிள்ளையின் வகுப்பில் வந்து உட்கார்ந்தால், "வேற செக்‌ஷனுக்கு மாத்துங்க" என்று ஹெட்மாஸ்டரிடம் போய் நிற்காதீங்க.

அந்தப் பெற்றோர் ஓடுவது இதுக்காகவும்தான்.

தேவைப்படும் குடும்பங்களுக்குப் பகிருங்கள்.