நிலம் கேட்கும் முறை

ஈ என்பது தாழ்ந்தோன் கேட்கும் சொல். தா என்பது ஒத்தோன் கேட்கும் சொல். கொடு என்பது உயர்ந்தோன் கேட்கும் சொல். தொல்காப்பியர் எச்சவியலில் வகுத்த வரையறை இது. ஊர்ப்பொதுவுக்கு நிலம் கேட்கப்படும் இந்நாளிலும், இம்மூன்றனுள் எச்சொல்லாற் கேட்கப்பட்டது என்பதே, கிடைத்தது கொடையா பறிப்பா என்பதைக் காட்டிவிடும்.

சேலம், நாமக்கல் நிலப்பரப்பு, காவிரிக்கரை ஊர்கள் நீங்கலாகப் பெரும்பாலும் வானையும் கிணற்றையும் நம்பிய புன்செய்ப்பகுதி. பாறையைத் துளைத்தே நீர் காணவேண்டும். ஓர் ஊருக்குக் குடிநீர்த் திட்டம் வந்தால் மேல்நிலைத் தொட்டிக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்கும் சில சென்ட் நிலம் வேண்டும். தொட்டிக்கு மேடு வேண்டும். புறம்போக்கோ ஓடைக்கரையிலும் பள்ளத்திலும் கிடக்கும். ஆகவே பட்டா நிலத்தின்மேற் கண் விழுகின்றது. நடுவணரசு 2002-இல் தொடங்கிய 'சுவசல்தாரா'வும் 2019-இல் அறிவித்த 'சல் சீவன்' திட்டமும் (தமிழன் குடிக்கும் நீருக்கும் இந்தியிற்றான் பெயர் வைக்கவேண்டும் போலும்!) செலவில் ஒரு பங்கை ஊராரே ஏற்க வேண்டுமென்றன. பங்கு என்றதும் பணமில்லாதவரிடம் உழைப்பும், நிலமுள்ளவரிடம் நிலமும் கேட்கப்படுகின்றன.

எவரிடம் கேட்பது? பத்து ஏக்கர் உடையார்க்கு மூன்று சென்ட் ஒரு பொருட்டன்று. அரை ஏக்கரில் மரவள்ளி நட்டுப் பிழைப்பவர்க்கோ அது ஒரு திங்கள் உணவு. ஊரே பார்த்திருக்க, கடன் கொடுத்தவரும் கூலி கொடுப்பவரும் முன்வரிசையில் அமர்ந்திருக்க, "ஊருக்காக இதைக்கூடத் தரமாட்டாயா?" என்று வினவினால், அவர் வாயில் 'மாட்டேன்' என்னும் சொல் எவ்வாறு எழும்? அங்குத் தலையசைவது இசைவினாலன்று; அச்சத்தினால். வாயளவில் 'தா' என்றார்கள். உள்ளே இருந்தது 'கொடு' என்னும் கட்டளை.

வல்லாண்மையால் நிலம் எடுத்தால் என்னாகும் என்பதைச் சேலத்து உழவர் 2018-இல் எட்டுவழிச் சாலைக்கு அளவுக்கல் நட்டபோதே காட்டினர். நில எடுப்புக்கேனும் 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் இழப்பீடும் உண்டு. கொடைக்கு இழப்பீடே இல்லை. அதனாலேயே கொடைக்கு இன்னும் கடுமையான காவல் வேண்டும்.

உலக வைப்பகம் கூட, தான் கடன்தரும் திட்டங்களுக்கு 2018 முதல் நடைமுறைப்படுத்தும் நெறியில் இதை உணர்ந்திருக்கின்றது. கொடுப்பவர்க்குத் திட்டத்தை விளக்கவேண்டும். மறுக்கலாம் என்பது அவர்க்குத் தெரிந்திருக்கவேண்டும். இசைவு எழுத்தில் வேண்டும். எஞ்சிய நிலம் பிழைப்புக்குப் போதவேண்டும். எவரும் வீடு பெயரலாகாது. திட்டத்தின் பயன் கொடுப்பவர்க்கும் நேரே கிட்டவேண்டும். கடன் கொடுக்கும் வெளியார்க்குத் தோன்றிய இந்த நேர்மை, உறவும் ஊரும் ஆகிய நமக்குத் தோன்றவேண்டாவா?

அதே நெறி இன்னொன்றும் கூறுகின்றது: பொதுநிலமாயினும் அதிற் குடியிருப்போர், அதைப் பயன்படுத்துவோர் இசைவின்றி எடுக்கலாகாது. தொட்டி ஊர்நடுவே எழ, பொதுக்கழிப்பறையும் கழிவுநீர்க் குழியும் சேரியோரத்துப் புறம்போக்கைத் தேடிச் செல்லும் வழக்கத்திற்கு இது நேர்விடை. ஆடு மேய்த்தவரையும் குடிசை போட்டவரையும் யார் கேட்டார்கள்?

மனமுவந்து கொடுப்பவரும் உளர். அவர் கொடையும் எழுத்தில்லாமல் கெடுகின்றது. 1951-இல் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் (நம் கிருட்டிணகிரிப் பக்கத்து ஊரன்று) 100 ஏக்கரோடு தொடங்கிய வினோபா பாவேயின் நிலக்கொடை இயக்கத்திற் சொல்லளவில் வந்த நிலம் மிகப்பல. வழக்கிலும் பாறையிலும் சிக்கிப் பகிர்ந்தளிக்கப்படாமற் கிடந்ததும் மிகுதி. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின்படி நிலக்கொடை, கொடுப்பவர் கையொப்பமும் சான்றாளர் இருவர் கையொப்பமும் பெற்றுப் பதிவாகவேண்டும். தந்தை வாயாற் கொடுத்த இடத்தைப் பின்னாளில் மகன் வேலியிட்டுப் பூட்டினால், ஊர் முழுதும் குடத்தோடு நிற்கவேண்டியதுதான்.

பதிவு அலுவலகத்தில் அவ்வாவணத்திற்கு வழங்கும் பெயரோ 'தான செட்டில்மெண்டு'! முற்பாதி வடசொல், பிற்பாதி ஆங்கிலம். தன் நிலத்தைத் தருபவர் தான் கையொப்பமிடுவது இன்னதென்று படித்தறிய இயலாத நிலை இது. 'நிலக்கொடை ஆவணம்' என்று தலைப்பிட்டு, எல்லை நான்கும் அளவும் நோக்கமும் தெளிதமிழில் எழுதி, கொடுப்பவர்க்குத் தனியே படித்துக்காட்டி, ஒரு கிழமை எண்ணிப் பார்க்கவிட்டு, பிறகே ஊர்க்கூட்டத்தில் வைக்கவேண்டும். அந்தக் கிழமைக்குள் அவர் 'மாட்டேன்' என்றால் வேறு மேடு தேடுவது ஊராட்சியின் கடமை.