வேகத்துக்கு அபராதம் சரி... கணக்கு எங்கே?

வேகமாக வண்டி ஓட்டினால் அபராதம் போடட்டும். அதில் யாருக்கும் வருத்தம் இல்லை. விழுப்புரம் - திண்டிவனம் நாலு வழிச் சாலையில் ராத்திரி ஆம்னி பஸ்சும், ஜல்லி லாரியும் என்ன வேகத்தில் போகின்றன என்பது கூட்டேரிப்பட்டில் ரோட்டைக் கடக்கிற கிழவிக்கே தெரியும்.

கேள்வி வேறு. எத்தனை பேருக்கு அபராதம் போட்டார்கள்? எந்த இடத்தில்? எத்தனை கிலோ மீட்டர் வேகத்துக்கு? எந்த மிஷினை வைத்து அளந்தார்கள்?

நாலுக்கும் பதில் போலீசிடம் இருக்கிறது. இருக்க வேண்டும். ஆனால் அபராதம் கட்டுகிற ஜனங்கள் கண்ணில் அது படுவது இல்லை.

காணையில் என்ன பேச்சு?

விழுப்புரத்தை அடுத்த காணை சின்ன ஊர்தான். ஆனாலும் ஊராட்சி ஒன்றியத் தலைமையிடம். போலீஸ் ஸ்டேஷன் உண்டு. சுற்றுப்பட்டு கிராமத்து ஜனங்கள் விழுப்புரத்துக்குக் கடை வேலைக்கும், ஆஸ்பத்திரிக்கும், கலெக்டர் ஆபீசுக்கும் போக மோட்டார் சைக்கிளையும் பஸ்சையும் நம்பி இருக்கிறார்கள்.

இந்த மாதிரி ஊர்களில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் ஒரு பேச்சு கட்டாயம் காதில் விழும். "ஹெல்மெட் போடலைன்னா புடிக்கிறாங்க. நூறுல பறக்கிறவனை யாரு புடிச்சா? மாசக் கடைசி ஆச்சுன்னா கேஸ் கணக்குக்கு நாமதான் கெடைச்சோம்."

இது உண்மையா, வெறும் வயிற்றெரிச்சலா? ஹெல்மெட் கேஸ் இத்தனை, வேகக் கேஸ் இத்தனை என்று ஸ்டேஷன் வாசலில் மாதம் ஒரு தடவை கரும்பலகையில் எழுதிப் போட்டால் ஒரே நாளில் தெரிந்து போகும். பேச்சு பொய் என்றால் போலீசுக்குத்தானே நல்ல பெயர்? நியாயமாக உழைக்கிற போலீஸ்காரர்கள்தான் முதலில் இதைக் கேட்க வேண்டும். வெயிலில் நிற்பது அவர்கள். வசவு வாங்குவதும் அவர்கள்.

"அதிவேகமாகவும், அஜாக்கிரதையாகவும்..."

விபத்து வழக்கு எப்.ஐ.ஆர். எதையாவது எடுத்துப் பாருங்கள். "அதிவேகமாகவும், அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்று ஒரு வரி இருக்கும். வெள்ளைக்காரன் காலத்து இந்திய தண்டனைச் சட்டம் 279, 304-ஏ பிரிவுகளோடு ஒட்டிக் கொண்டு வந்த வரி அது. 2024 ஜூலை 1-ந்தேதி அந்தச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. பிரிவு எண் 281, 106 என்று மாறியது. வரி அப்படியே நிற்கிறது.

அதில் வேகம் உண்டு. எண் கிடையாது. 70-ஆ, 90-ஆ, 110-ஆ? ஓட்டி வந்த நேரத்தில் ஒருவரும் அளக்கவில்லை. ஸ்டேஷன் ரைட்டர் வழக்கப்படி எழுதுகிறார். அவர் மேல் குற்றம் இல்லை. எழுதாவிட்டால் கேஸ் நிற்காது.

இந்த வரி எங்கே போய்ச் சேருகிறது பாருங்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட 2022-ம் ஆண்டுக் கணக்குப்படி நாட்டில் 4 லட்சத்து 61 ஆயிரத்து 312 விபத்துகள். செத்தவர்கள் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர். விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாட்டுக்கு முதல் இடம். 64 ஆயிரத்து 105 விபத்துகளில் 17 ஆயிரத்து 884 உயிர்கள் போயின. நாட்டில் நடந்த சாவுகளில் 100-க்கு 71 அதிவேகத்தால் என்று அந்தக் கணக்கு சொல்கிறது.

71 எங்கிருந்து வந்தது? மாநில போலீஸ் அனுப்பிய விவரத்தில் இருந்து. அந்த விவரம் ஸ்டேஷனில் எழுதியது. யாரும் அளக்காத வேகம், டில்லிக்குப் போனதும் புள்ளிவிவரம் ஆகி விடுகிறது.

வேகம் கொல்லவில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. கொல்கிறது. வேகம் இரண்டு மடங்கு ஆனால் பிரேக் போட்டு வண்டி நிற்க நாலு மடங்கு தூரம் வேண்டும். ஆனால் விளக்கு எரியாத திருப்பம், எதிர்த் திசையில் வந்த டிராக்டர், கடக்க வழி இல்லாத சந்திப்பு எல்லாமே அந்த ஒரு வரிக்குள் போய் ஒளிந்து கொள்கின்றன. டிரைவர் மேல் பழி விழுந்தாகி விட்டது. ரோடு போட்டவரை யார் கேட்பது?

செத்த பிறகு எழுதுகிற வேகத்துக்கு எண் இல்லை. சாவுக்கு முன்னால் ஸ்பீடு கன்னும் கேமராவும் பதிவு செய்கிற வேகத்துக்கு எண் உண்டு. கூட்டேரிப்பட்டில் எத்தனை வண்டி எந்த நேரத்தில் எல்லை மீறியது என்று தெரிந்தால் விபத்து நடப்பதற்கு முன்பே அங்கே ஆள் நிறுத்தலாம், தடுப்பு வைக்கலாம். அதனால்தான் அந்தக் கணக்கு வெளியே வர வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

முன்பு வேகத்துக்கு அபராதம் 400 ரூபாய். 2019 செப்டம்பர் 1-ந்தேதி திருத்தச் சட்டம் அமலுக்கு வந்தது. கார் போன்ற இலகு ரக வண்டிக்கு ஆயிரம் முதல் 2 ஆயிரம், பஸ், லாரிக்கு 2 ஆயிரம் முதல் 4 ஆயிரம் ரூபாய் வரை போடலாம் என்று ஆனது. ரெண்டாம் தடவை மாட்டினால் லைசென்சும் பறிபோகும். தமிழக அரசு புதிய அபராதத்தை 2022 அக்டோபரில் கொண்டு வந்தது. குமாஸ்தா ஒருவருக்கு ஆயிரம் ரூபாய் சின்னத் தொகை அல்ல.

இவ்வளவு வாங்குகிறவர்களுக்கும் கட்டுப்பாடு உண்டு. 2021 ஆகஸ்டில் வந்த மத்திய மோட்டார் வாகன விதி 167-ஏ என்ன சொன்னது? வேகம் அளக்கிற மிஷினுக்கு ஒப்புதல் சான்றிதழ் வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கேமரா இருக்கிற இடத்துக்கு முன்னால் எச்சரிக்கை போர்டு வைக்க வேண்டும். நோட்டீசில் போட்டோ, அளந்த வேகம், தேதி, நேரம், இடம் எல்லாம் இருக்க வேண்டும். 15 நாளுக்குள் நோட்டீசு அனுப்ப வேண்டும். அபராத விவகாரம் முடிகிற வரை பதிவை வைத்திருக்க வேண்டும்.

இந்த விதியை அமல்படுத்துங்கள் என்று 2024 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு மாநிலங்களுக்கு உத்தரவு போட்டது. கோவை எலும்பு சிகிச்சை டாக்டர் ராஜசேகரன் 2012-ல் தொடுத்த பொதுநல வழக்கில் வந்த உத்தரவு அது. ஆகவே கேமராக்கள் இன்னும் பெருகும். கணக்கு கேட்க வேண்டிய நேரம் இதுதான்.

அளவு என்று ஒன்று நிலையாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. 2018 ஏப்ரலில் மத்திய அரசு வேக எல்லையை உயர்த்தியது. அந்த அறிவிப்பை 2021-ல் சென்னை ஐகோர்ட்டு ரத்து செய்தது. சென்னை நகரிலோ 2023 ஜூனில் 10 இடங்களில் ரேடார் வைத்து, பகலில் 40, ராத்திரி 50-க்கு மேல் போனால் கேஸ் என்றார்கள். ஊரே கொதித்தது. நவம்பரில் கார் 60, மோட்டார் சைக்கிள் 50, ஆட்டோ 40, குடியிருப்புத் தெருவில் 30 என்று மாற்றினார்கள். ஜூனில் 45-ல் போய் மாட்டியவர் என்ன பாவம் செய்தார்?

நாங்குநேரி சொல்லும் பாடம்

2024 மே மாதம் நாங்குநேரியில் அரசு பஸ் ஏறிய ஒரு போலீஸ்காரர் டிக்கெட் எடுக்க மாட்டேன் என்றார். கண்டக்டரோடு வாக்குவாதம். வீடியோ தமிழ்நாடு முழுக்கச் சுற்றியது. வாரண்டு இல்லாமல் போலீசுக்கு ஓசிப் பயணம் கிடையாது என்று போக்குவரத்துத் துறை விளக்கம் சொன்னது.

அடுத்த சில நாட்களில் பல ஊர்களில் அரசு பஸ்களுக்கு சரமாரியாக அபராதம்! நோ பார்க்கிங்கில் நின்றது, டிரைவர் சீட் பெல்ட் போடவில்லை... கடைசியில் உள்துறைச் செயலாளரும் போக்குவரத்துச் செயலாளரும் உட்கார்ந்து பேச வேண்டியதாயிற்று. பிரச்சினை அடங்கியது.

பஸ் அதற்கு முந்தின வாரமும் அதே இடத்தில்தானே நின்றது? அப்போது ஏன் கேஸ் இல்லை? சமாதானம் ஆன பிறகு சீட் பெல்ட் எல்லாம் ஒழுங்காகி விட்டதா? மாதாமாதம் ஊர்வாரியாகக் கணக்கு வெளியே வந்திருந்தால் ஏப்ரலில் எத்தனை, மேயில் எத்தனை, ஜூனில் எத்தனை என்று பத்தாவது படிக்கிற பிள்ளைகூட ஒப்பிட்டுச் சொல்லும். அரசு பஸ் கழகங்களில் ஒன்றின் தலைமை அலுவலகம் விழுப்புரத்திலேயே இருக்கிறது. அங்கே வேலை பார்க்கிற டிரைவர், கண்டக்டருக்கும் இந்தக் கணக்கு தேவை.

பெயர் வேண்டாம், எண் போதும்

"யார் யாருக்கு அபராதம் போட்டோம் என்று ஊருக்குச் சொல்ல முடியுமா?" என்று அதிகாரிகள் கேட்கலாம். வேண்டாம். அடுத்த வீட்டுக்காரர் எப்போது மாட்டினார் என்பது ஊருக்கு எதற்கு? தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாக, தகவல் உரிமைச் சட்டத்தில் செய்த திருத்தம் 2025 நவம்பரில் அமலுக்கு வந்து விட்டது. சொந்த விவரம் என்றாலே மறுக்கலாம் என்று ஆகி விட்டது. பொதுநலன் பெரிது என்றால் கொடுக்கலாம் என்கிற 8(2) பிரிவு மட்டும் மிச்சம்.

ஆனால் எண்ணிக்கை யாருடைய சொந்த விவரமும் அல்ல. இங்கிலாந்தில் 2005 ஜனவரியில் தகவல் சட்டம் அமலுக்கு வந்தது. நம்ம ஊர்ச் சட்டம் அதே ஆண்டு அக்டோபரில். அங்கே எந்த கேமரா எத்தனை பேரைப் பிடித்தது என்று பத்திரிகைக்காரர்கள் எழுதிக் கேட்டு வாங்கி அச்சடிக்கிறார்கள். பெயர் வருவது இல்லை.

இங்கேயும் எப்.ஐ.ஆரை வெளியிட மாட்டோம் என்றவர்கள்தான். 2016 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்டது. ஒரு சில வகை வழக்குகள் தவிர மற்றதை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்றது. வானம் இடிந்து விழவில்லை.

கேட்காமலே வெளியிட வேண்டும் என்பதுதான் தகவல் உரிமைச் சட்டம் 4-வது பிரிவு. அதுவரை காணைக்காரர்கள் காத்திருக்க வேண்டியது இல்லை. ஒரு வெள்ளைத்தாள், 10 ரூபாய்க்கு கோர்ட்டு பீஸ் ஸ்டாம்பு, விழுப்புரம் மாவட்ட போலீஸ் சூப்பிரண்டு அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு விலாசம். ஸ்டேஷன்வாரியாக, மாதவாரியாக வேகக் கேஸ் எத்தனை? ஹெல்மெட் கேஸ் எத்தனை? மிஷின் சான்றிதழின் தேதி என்ன? எச்சரிக்கை போர்டு எங்கெங்கே இருக்கிறது?

எதற்குக் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்க அவருக்கு அதிகாரம் கிடையாது. "அது ஆர்.டி.ஓ. ஆபீசு சமாசாரம்" என்று தட்டிக் கழிக்கவும் முடியாது. அப்படி இருந்தால் 5 நாளில் அவரே அங்கே அனுப்பி வைக்க வேண்டும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதற்கும் மசியாவிட்டால் மாநிலத் தகவல் ஆணையம். தகுந்த காரணம் இல்லாமல் இழுத்தடித்த அலுவலருக்கு நாளைக்கு 250 ரூபாய் வீதம் 25 ஆயிரம் வரை ஆணையம் அபராதம் போடலாம். அது அவர் சொந்தப் பையில் இருந்து போகும்.