ஆடும் சாவியும் ஒரு நெருப்புக்குச்சியும்
கொட்டாஞ்சேனை மாணவர் ஒருவர் தமது பேஸ் கிற்றாருடன் களனியிலுள்ள எம் இல்லத்துக்கு வந்திருந்தார். “ஒரு பாட்டு முடியுமுன் சுருதி இறங்கிவிடுகிறது, ஐயா. புதுச் சாவிகள் வாங்கவேண்டுமா?” என்று கவலையோடு வினவினார். தொட்டுப் பார்த்தேன், சாவி அடியோடு ஆடிற்று.

வீணையின் பிரடை மரத்தோடு மரம் உராய்ந்து நிற்பது. கிற்றாரின் சாவியோ புரித்தண்டும் பற்சக்கரமும் பொருந்தி நிற்பது; தந்தி இழுத்தாலும் எளிதிற் பின்வாங்காது. ஆதலால், முதலில் ஐயுறவேண்டியது சாவியை மரத்தோடு பிணைக்கும் ஆணிகளையே.

முதலில் தந்தியைத் தளர்த்துக. முன்புறத்தில் மரையிருந்தால் அளவாக இறுக்குக. பின்புறத் திருகாணி பிடிப்பின்றிச் சுழன்றால், துளை அகன்றுவிட்டதென அறிக. மருந்து நீக்கிய நெருப்புக்குச்சியைச் சீவி, மரப்பசை தடவித் துளையிற் செருகுக. ஒருநாள் காய்ந்தபின், சிறு துளையிட்டு ஆணியைப் பூட்டுக. பலங்கொண்டு முறுக்கலாகாது, மரம் பிளந்தால் கருவிக்கே கேடு. வெள்ளவத்தை போன்ற கடலோரத்தில் வாழ்வோர் உப்புக்காற்றில் ஆணி துருவேறாதபடி அடிக்கடி துடைத்தல் நன்று.

சுருதியை எப்போதும் கீழிருந்து மேலேற்றியே சேர்க்கவேண்டும். அப்போதுதான் பற்களின் இடைத்தளர்ச்சி நீங்கும்.

மாணவர் புதுச் சாவி வாங்கவில்லை. ஒரு நெருப்புக்குச்சியும் ஒருநாட் பொறுமையும் போதுமாயின.